எலிக்காக எடுத்த தீச்சட்டி

எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைத்துவிட்டு, அந்த எலியிடமே மன்னிப்பும் கேட்ட மனிதர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எங்கள் எலிச் சார் ஒருவர்தான். தேனிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் அவர் பேராசிரியர். நான் லேப் அசிஸ்டென்ட். சர்க்கரை உள்ளவர்களின் ஆறாத புண்ணை, வரப்போரம் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டுச் செடியின் சாறு ஆற்றுமா என்பதுதான் ஆராய்ச்சி.

அந்தச் செடி பறிக்கத் தேவாரம் ஊர்ப் பக்கம் போவோம். ஒருமுறை வரப்பில் குனிந்திருந்த சாரைக் களையெடுக்க வந்த ஆள் என்று நினைத்து, "அந்தப் பக்கமும் கெடக்கு, சுத்தமா எடுத்துரு" என்றார் ஒரு தோட்டக்காரர். அவர் அசரவே இல்லை. "களைக்கொல்லி அடிச்சீகளா?" என்று கேட்டுக்கொண்டு, அதையும் சுத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

எலிப் புண் ஆறினால் தீச்சட்டி எடுப்பதாக வீரபாண்டி ஆத்தாளுக்கு வேறு நேர்ந்துகொண்டார். அந்தச் சாற்றில் செய்த களிம்பைத் தடவிய எலிகளுக்கு, தடவாததுகளைவிடச் சீக்கிரமே ஆறிவிட்டது. சித்திரை வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு சட்டி ஏந்திப் போனார்.

"காலு சுடவே இல்லப்பா! எல்லாம் ஆத்தா அருளு!"

எனக்குப் பகீரென்றது. சாருக்கும் சர்க்கரை உண்டு. எலிகளின் காலைத் தினம் பார்த்தவர், தன் கால் மரத்துப்போனதைப் பார்க்கவில்லை. மறுநாள் உள்ளங்காலில் ஊத்தப்பம் அளவுக்குக் கொப்புளம். அது புண்ணாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நான் களிம்பை டிபன் பாக்ஸில் ஒளித்து எடுத்துப் போனேன். "ஊரே இவுக களிம்பக் கேட்டு வருது. இவுக தடவ மாட்டேங்கிறாக!" என்று சாரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"எலிக்கு ஆறுச்சுன்னுதான எழுதிருக்கேன்? மனுசனுக்குன்னு எங்கன எழுதிருக்கேன்?" என்றார் சார். "நானே தடவுனேன்னு தெரிஞ்சா, நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போகாம நம்ம லேப் வாசல்ல வந்து நிப்பாக. எவன் காலாச்சும் போச்சுன்னா யாருப்பா பொறுப்பு?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த நேரத்திலும் மனிதர் நியாயம் பேசினார். ஊசியும் மாத்திரையுமாக நாட்கள் போயின. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம், எலிக்குச் செய்வதுபோலவே, கண்ணாடித் தாளை மேலே பிடித்துப் புண்ணின் அளவை வரையச் சொல்லி என் உயிரை வாங்கினார்.

ஒருநாள் காலை கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "இனிமே காலுக்குப் பயமில்ல" என்றார். சாரின் மனைவி அழுதுவிட்டார். சார் என் பக்கம் திரும்பினார்.

"எலியெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுதாப்பா?"

"அதுக நல்லாத்தேன் சாப்பிடுது சார். எனக்குத்தேன் சோறு எறங்கல."