பத்து மணிக் காதலும் பதினோரு மணிக் கொலையும்

கலைக்காக வீடு வாசலை இழந்தவர்கள் உண்டு. உயிரையே விட்டவர்களும் உண்டு. ஆனால் கலைக்காகப் பல்லை இழந்த ரசிகர்களை உலகுக்கு வழங்கிய பெருமை ஒரே ஒரு பல் மருத்துவரையே சாரும். ரசனையின் வரலாற்றை யாராவது எழுதினால் அவருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்காமல் தப்ப முடியாது.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அதுதான் அவருடைய மருத்துவமனை. காத்திருக்கும் அறையில் ஒரு சோபா, மீன் இல்லாத மீன்தொட்டி, சுவரில் ஒரு டிவி. தினமும் காலை பத்து மணிக்கு அதில் ஒரே படம் ஓடும். கறுப்பு வெள்ளைக் காலத்துக் காதலும் கொலையும் கலந்த படம், பெரியவர்கள் ‘காவியம்’ என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்களே, அந்த ரகம். படம் இரண்டரை மணி நேரம். மருத்துவமனையோ பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். பன்னிரண்டு ஆனதும் மருத்துவரே கையுறையோடு வந்து ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவார். “முடிவு ரசிகன் மனசுல இருக்கணும்” என்பது அவருடைய கொள்கை. கொள்கை உள்ள மருத்துவர் கிடைப்பது அபூர்வம்.

அந்த டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள் டோக்கன். வருகிறவர்களுக்கு எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்து “உட்காருங்க, கூப்பிடறேன்” என்று சொல்வது அவள் வேலை. எல்லோரும் அவளை அந்த டோக்கன் பெயராலேயே கூப்பிட்டதால் அவள் சொந்தப் பெயர் அவளுக்கே மறந்துகொண்டிருந்தது. படம் தலைக்கு மேலே ஓடியதால் மூன்று வருடமாக அவள் அதைக் கேட்டிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. அதில் ஒரு மென்மையான குரல் அடிக்கடி “பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல” என்று சொல்லும். உள் அறையில் மருத்துவரும் அதையேதான் சொல்வார். எது டிவி, எது டாக்டர் என்று அவளுக்குப் பல நாள் குழப்பம்.

மருத்துவரின் இன்னொரு கொள்கை, ஒரு நோயாளிக்கு ஒரு நேரம். பத்து மணிக்காரருக்கு எப்போதும் பத்து மணிதான். ஆகவே அவர்கள் பார்ப்பது எப்போதும் குடைக்குள் நனையும் காதலை. பதினோரு மணிக்காரர்கள் பார்ப்பது, பணக்கார அத்தை பிணமாகக் கிடக்க, கதாநாயகி அவள் நகையை மாவு டின்னுக்குள் ஒளிப்பதை. ஒரே நாற்பது நிமிடத்தை ஏழெட்டு முறை பார்த்ததில் எல்லோருடைய கருத்துகளும் அசைக்க முடியாத உறுதி பெற்றிருந்தன. அதையே இன்னொரு முறை வந்து பார்க்கும் ஆசையில் சிலர் தாங்களாகவே வாயைத் திறந்து, “டாக்டர், இந்தப் பக்கமும் லேசா வலிக்கிற மாதிரி இருக்கு” என்பார்கள். மருத்துவர் யாரையும் ஏமாற்றியதில்லை. உடனே பிடுங்கிவிடுவார்.

டோக்கனின் அப்பா, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், பத்து மணிக்காரர். அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர், பதினோரு மணிக்காரர். மாப்பிள்ளை பல்செட் கட்டுகிறவர். பிடுங்கிய பற்களை நிறம் பார்ப்பதற்காக மருத்துவர் அவரிடம் அனுப்புவார். “இந்தப் பல்லெல்லாம் என்ன தப்பு பண்ணிச்சு? ஒண்ணுல கூடச் சொத்தை இல்லையே” என்று ஒரு நாள் அவர் டோக்கனிடம் போனில் கேட்டார். நல்ல பல்லைத் தூக்கிப் போட மனசு வராமல் தீப்பெட்டிகளில் போட்டு, நோயாளியின் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம். டோக்கன் போய் மருத்துவரிடம் கேட்டாள். அது முன்னெச்சரிக்கை என்றார் அவர்.

தேதி குறிக்க இரு வீட்டாரும் கூடிய அன்றுதான் வினை வந்தது. பேச்சு எப்படியோ படத்துக்குப் போனது. அந்தக் கதாநாயகி தெய்வம் என்றார் போஸ்ட்மாஸ்டர். அந்த மாதிரிப் பெண் காலடி வைத்தால் குடும்பம் விளங்குமா என்றார் மாஸ்டர். பத்து மணியும் பதினோரு மணியும் அரை மணி நேரம் மோதிக்கொண்டன. கடைசியில் போஸ்ட்மாஸ்டர் எழுந்து, “அவளைத் தப்பாப் பேசற வீட்டுக்கு என் பொண்ணு வரமாட்டா” என்று அறிவித்தார். கல்யாணம் நின்றது.

டோக்கன் அன்று முழுக்க அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அதற்குப் பிறகு யோசனை வந்தது. மறுநாள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, டாக்டர் பதினொன்றரைக்கு வரச் சொன்னார் என்றாள். ரிமோட்டை எக்ஸ்ரே உறைக்குள் ஒளித்து வைத்தாள்.

வந்தவர்கள் சோபாவின் இரண்டு ஓரத்தில், முகத்தை எதிரெதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிவி மட்டும் நடுவில் இருந்ததால் கண் அங்கேதான் போயிற்று. பன்னிரண்டுக்கு மருத்துவர் வந்தார், ரிமோட்டைத் தேடினார், மீன்தொட்டிக்குள்கூடப் பார்த்தார். சுவிட்ச் சோபாவுக்குப் பின்னால் இருந்தது. “கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?” என்றார். இரண்டு ரசிகர்களும் அவரைக் கையசைத்து அடக்கினார்கள். மூன்று வருடத்தில் முதன்முறையாகப் படம் பன்னிரண்டைத் தாண்டி ஓடியது.

டோக்கன் மேசையை விட்டு எழுந்து வந்து, முதன்முறையாகப் படத்தைப் பார்த்தாள். கதாநாயகி நகையை ஒளித்தது, பழி காதலன்மேல் விழுந்துவிடக் கூடாது என்றுதான். காதலனும் கொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்தே எல்லாக் காட்சியிலும் பையோடு வந்து போன, யார் கருத்திலும் இடம் பெறாத குடும்ப டாக்டர், அத்தையின் கட்டிலருகே நின்று “பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல” என்று சொன்ன அந்த நல்லவர், அவர் கையில் விலங்கு ஏறியது. “தினமும் கொஞ்சம் கொஞ்சமா விஷம் குடுத்திருக்கீங்க. எல்லாரும் உங்களைத்தான் நம்பினாங்க, டாக்டர்” என்றார் இன்ஸ்பெக்டர்.

படம் முடிந்தது. சோபாவில் இரண்டு தலைகள் மெல்லத் திரும்பின. வாசலருகே பல் மருத்துவர் கையில் குறடோடு நின்றிருந்தார்.

மாஸ்டர் நாக்கை வாய்க்குள் ஒரு சுற்று சுற்றவிட்டு, காலி இடங்களை எண்ணினார்.

“எனக்கு நாலு, சம்பந்தி. உங்களுக்கு?”

“ஆறு.”

“பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல” என்றார் மருத்துவர். டிவியில் படம் முடிந்திருந்ததால் இந்த முறை டோக்கனுக்குக் குழப்பம் இல்லை.

அவள் போனை எடுத்து மாப்பிள்ளையிடம், “அந்தத் தீப்பெட்டியெல்லாம் எடுத்துட்டு வாங்க. அப்பாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க” என்றாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒன்றாம் எண் வில்லையை எடுத்து மருத்துவர் கையில் வைத்தாள்.

“உட்காருங்க டாக்டர், கூப்பிடறேன்.”