சேவலுக்கு ஸ்க்ரிப்ட் எழுதியவள்

எம்.சி.ஏ. படித்த பெண்ணுக்கு இந்த ஊரில் ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை கிடையாது. கரண்ட் பில் கட்டுவதிலிருந்து மிக்ஸி ஓடாமல் போவது வரை (மிக்ஸிக்குள் எங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்கக் கூடாது) எல்லாம் அவள் தலையில்தான் வந்து விடியும். நான் வேலை பார்த்ததோ இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விண்ணப்பம் சரிபார்க்கும் வேலை. வெப்சைட் என்ற வஸ்துவைக் கல்லூரியில் ஒரே ஒரு தடவை செய்தேன். அதிலும் உருப்படியான பாதியைத் தோழி செய்தாள். இதையெல்லாம் தேவராஜ் அண்ணாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இன்று மனுஷியாக நடமாடிக்கொண்டிருப்பேன்.

தேவராஜ் அண்ணா எங்கள் ஹவுஸ் ஓனர். கீழ்க்கட்டளையில் அவர் வீட்டு மாடியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம் அவருடையது. இங்கிருந்த நிலத்தை விற்றுவிட்டு, கோவளத்துக்குப் பக்கத்தில் தம்பிகளோடு சேர்ந்து ஒரு தோட்டம் வாங்கியிருந்தார். அதில் இரண்டு சின்ன வீடுகள் கட்டி, ஒரு எருமை, கொஞ்சம் கோழிகள், ஒரு சேவல் சகிதமாக ‘பண்ணையில் விடுமுறை’ என்று போர்டு மாட்டிவிட்டார். தம்பிகளுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. லாரி நிறுத்த இடம் கேட்டு ஒருவர் அவர்களிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். இந்தக் கோடையில் ஆள் வரவில்லையென்றால் தோட்டத்தை லாரிக்கே விட்டுவிடுவது என்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

“நீ கம்ப்யூட்டர்தானம்மா படிச்சிகீற? ஒரு வெப்சைட் போட்டுக் குடு. அந்த லாரிக்காரன் தினம் வந்து நின்னுகினு ஒரே பேஜாரா கீது.”

“அதுக்கென்னண்ணா, ரெண்டு நாள் வேலை” என்றேன்.

இரண்டு வாரம் ஆனது. படங்கள் ஒருவழியாக வந்து உட்கார்ந்தன. எருமை மட்டும் போனில் பார்த்தால் குறுக்கே நீண்டு ரயில் பெட்டிபோல் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அண்ணா தன் போனோடு மாடி ஏறி வந்தார். சேவல் கூவுவதைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார்.

“வெறும் படத்தப் பாத்தா இன்னா தெரியும்? தொறந்தவொடனே நம்ம சேவல் கூவணும். தோட்டத்துக்குள்ள கால் வெச்சா மாதிரி இருக்கணும்.”

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பார்ப்பவர் எங்காவது தொடாமல், பக்கம் தானாகச் சத்தம் போடுவதற்கு போன்கள் விடுவதில்லை. அதனால், எங்கே தொட்டாலும் கூவு என்று ஒரு ஸ்க்ரிப்ட் (பக்கத்துக்கு நாம் எழுதிவைக்கும் கட்டளை) எழுதினேன். அது கூவியபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கர்வத்தில், சற்று இடைவெளி விட்டு மறுபடியும் மறுபடியும் கூவு என்று இன்னொரு வரி சேர்த்தேன். நிறுத்துவதற்கு ஒரு பட்டன் வைக்க நினைத்து, எந்த மூலையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று யோசித்து யோசித்தே வைக்காமல் விட்டேன். இந்த வகை ஸ்க்ரிப்ட் பார்ப்பவருடைய போனுக்குள் போய் அங்கேயே ஓடும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் அழிவு இதில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் வைத்து அதைப் போட்டுக் காட்டினேன். போன் கூவியதும் கூரைமேல் இருந்த அசல் சேவல் பதிலுக்குக் கூவியது. “பாரு, அதுவே ஒத்துக்கினு கீது” என்று அண்ணா பூரித்துப்போனார்.

தாம்பரம் பக்கம் எங்கள் சர்ச் சபையில் வருஷா வருஷம் மே மாதத்தில் குடும்ப முகாம் நடக்கும். நாற்பது ஐம்பது பேர் எங்காவது போய்த் தங்குவார்கள். இந்தத் தடவை அண்ணாவின் தோட்டத்துக்குப் போகலாமே என்று கமிட்டிச் செயலாளர் சாமுவேல் அங்கிளிடம் நானேதான் சொன்னேன் (நானேதான், வேறு யாரும் தூண்டவில்லை). அவருக்கும் பிடித்துப்போனது. “ஞாயித்துக்கிழமை ஓனரைக் கூட்டிட்டு வாம்மா, ஆராதனை முடிஞ்சதும் பேசி முடிச்சுடலாம்” என்றார். இந்த ஒரு முகாம் வந்தால் போதும், தம்பிகள் வாயை அடைத்துவிடலாம் என்று அண்ணா சந்தோஷப்பட்டார்.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய அடக்கமான நாட்கள். சபையே வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. அண்ணா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில், கமிட்டிக்கென்று ஒரு பை நிறைய கொய்யாப்பழத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சர்ச்சுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. நான் பாடகர் குழுவில், அங்கி போட்டுக்கொண்டு, எல்லோரையும் பார்த்தபடி முன்னால் இருந்தேன். ஒளிந்துகொள்ள வசதியே இல்லாத இடம்.

அறிவிப்பு நேரத்தில் சாமுவேல் அங்கிள் மைக்கில் சொன்னார்: “முகாமுக்குப் பாத்திருக்கிற இடத்தோட லிங்க்கை க்ரூப்ல போட்டிருக்கேன். ஆராதனை முடிஞ்சதும் பாருங்க.”

முடிந்ததும் பாருங்கள் என்றால் யார் பொறுத்திருப்பார்கள்? பிரசங்கத்துக்கு முன் மௌன ஜெபம். எல்லோரும் தலை குனிந்தார்கள். பாதிப் பேர் குனிந்தது ஜெபத்துக்கு, மீதிப் பேர் குனிந்தது போனுக்கு. நடுவரிசையிலிருந்து முதல் சேவல் கூவியது.

போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத்தான் சர்ச்சுக்கு வருவார்கள், பாவம், ஒழுக்கமானவர்கள். ஆனால் அது ரிங்டோனை மட்டும்தான் அடக்கும் என்பது அன்றைக்குத்தான் சபைக்குத் தெரிந்தது. எனக்கும்தான். நிறுத்தலாம் என்று பதறி எங்கே தொட்டாலும் அங்கே இன்னொரு கூவல் கிளம்பியது. வலப்பக்கம் ஒன்று, பால்கனியில் ஒன்று. பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் என் போனை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தையே வெப்சைட்டிலிருந்து அழித்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்க்ரிப்ட் ஏற்கெனவே அவரவர் போனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கூண்டைத் திறந்து விட்டபிறகு கூண்டை உடைத்து என்ன லாபம். எனக்கு அழுகை வந்தது.

பக்கத்திலிருந்த கிரேஸ் அக்கா குனிந்து கேட்டார்: “ஷீபா, உங்க ஓனர் தோட்டம்தானே இது? நீதானே பண்ணிட்டிருந்தே?”

“இல்லக்கா. எனக்குத் தெரியாது.”

பாடகர் குழுத் தலைவர் திரும்பி, “யாரு பண்ண வேலை இது?” என்றார்.

“தெரியல சார்.”

சாமுவேல் அங்கிள் மைக்கைப் பிடித்தார். மனுஷருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. “ஷீபா, அந்தத் தோட்டக்காரர் உனக்குத் தெரிஞ்சவர்தானே? எப்படி நிறுத்தறதுன்னு கொஞ்சம் கேளும்மா.” தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து, கடைசி பெஞ்சில் தேவராஜ் அண்ணா சிரித்த முகமாக எழுந்து நின்று கும்பிட்டார்.

நான் சொன்னேன்: “எனக்கு அவரை அவ்வளவாத் தெரியாது அங்கிள். வாடகை குடுப்போம், அவ்வளவுதான்.”

பாடகர் குழுவின் மைக் அணைக்கப்படவில்லை. நான் சொன்னது நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. அது அடங்குவதற்குள் முன்வரிசையில் ஒரு சேவல் கூவியது. அம்மாவின் போன். அம்மா அதை எப்படி அணைப்பது என்று தெரியாமல், என்னைப் பார்த்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. (தெரியாதவர்களுக்காக: இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், அவருடைய சீடர் ஒருவர் ‘அவரை எனக்குத் தெரியாது’ என்று மூன்று தரம் மறுத்தார், உடனே சேவல் கூவியது. ஞாயிறு பள்ளிக் குழந்தைக்குக்கூட இந்தக் கதை தெரியும்.) போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அந்தப் பகுதி அடுத்த வாரம்தான்” என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் பார்த்தது கடைசி பெஞ்சை மட்டும்தான். அண்ணா கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, மெதுவாக உட்கார்ந்து, கொய்யாப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். செத்துவிடலாம் போலிருந்தது.

ஆராதனை முடிந்து ஓடினேன். வண்டி நிறுத்தும் இடத்தில் தன் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர்தான் பேசினார்.

“நீ தெரியாதுன்ன, அது கேட்டுச்சு. அதுக்கு இன்னாத்துக்கும்மா எல்லாரும் சிரிச்சாங்க?”

ஆக, அந்தச் சீடரின் கதையை நானே என் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கி போட்டுக்கொண்டு, வெயிலில் நின்று, மூன்று மறுப்பையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்பறம் அந்தாள இன்னா பண்ணாங்க?”

“மன்னிச்சு, அவர்கிட்டயே எல்லாப் பொறுப்பையும் குடுத்துட்டாங்கண்ணா.”

“அப்ப சரி. அந்த வெப்சைட்ட இனிமே நீயே பாத்துக்க. காலத்துக்கும்.” கொய்யாப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முகாம் வேறு இடத்துக்குப் போனது. அந்தக் கோடையில் தோட்டத்துக்கு யாருமே வரவில்லை. பாதி நிலத்தில் லாரிகள் வந்து நின்றன. ஒரு வீடும் எருமையும் சேவலும் மிச்சம். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் சேவல் பதிலுக்குக் கூவுகிறதாம். என்னால்தான் என்று அண்ணா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

வெப்சைட்டை இன்றுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நான் எதற்காவது ‘தெரியாது’ என்று சொன்னால் போதும், யாராவது ஒருவர் கூவுவார்கள். கல்யாணமான புதிதில் என் கணவர் அம்மாவிடமிருந்து முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

போன மாதம் தேவராஜ் அண்ணா போன் செய்தார். “அந்த லாரிக்காரன் தனக்கும் ஒரு வெப்சைட் வோணும்ன்றான். தொறந்தவொடனே ஹாரன் அடிக்கணுமாம். உனக்குத் தெரியும்தானே?”

“அண்ணா, எனக்கு அதெல்லாம் தெரி...” என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து அம்மா கூவினாள்.

“ரெண்டு நாள் வேலைண்ணா” என்றேன்.