கோட்டையைக் காலி பண்ண மாட்டேன்

ராஜபாளையத்தில் ஷிப்ட் அண்ணன் அளவுக்குப் போரில் தோற்றவர் யாரும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

மில்லில் ஃபிட்டர். தனி ஆள். எங்கள் காம்பவுண்டில் கடைசி வீடு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், கோட்டை கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் விளையாட்டு வைத்திருந்தார். சாயங்காலமானால் காம்பவுண்டுப் பிள்ளைகள் அத்தனையும் அங்கேதான். என் மகள் ஜெபாவும்.

மற்றவர்கள் நாடு பிடிக்க விளையாடுவார்கள். அண்ணன் சிப்பாய்களுக்கு ஷிப்ட் போட்டார். தெருமுனை மில்லில் சங்கு ஊதினால் போதும், மதிலில் நிற்கிற ஆட்களை எல்லாம் கீழே இறக்கிவிடுவார். அடுத்த ஆட்கள் ஏறுவதற்குள் எதிரி ஏணி போட்டு ஏறிவிடுவான். ஷிப்ட் அண்ணன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

"பெரியப்பா, சண்டை நடக்கையில யாராச்சும் ஆளை எறக்குவாகளா?" என்று ஜெபா கத்துவாள்.

"எம்புட்டு நேரமா நிக்கான் பாப்பா. அவனுக்கும் கால் வலிக்கும்லா?"

கோட்டை போய்விடும்.

இன்னொரு தடவை, பஞ்சம் என்று பக்கத்து நாட்டு ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்துவிட்டார். வந்ததில் பாதிப் பேர் ஒற்றர்கள். அன்றைக்கும் கோட்டை போனது. பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டன.

"பசின்னு வந்தவன்ட்ட ரேஷன் கார்டா கேக்க?" என்றார். மறுநாள் முதல் கல்லிலிருந்து கட்டினார்.

சண்டை விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று காம்பவுண்டு அப்பன்மார் அண்ணன் வாசலில் கூடினோம். நானும் போனேன். எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"கம்ப்யூட்டரை மூடு. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணு."

அண்ணன் திரும்பவே இல்லை. "செத்த இருங்க. மேக்க மதில் விழுது."

விழுந்த பிறகு எழுந்து வந்தார். எங்களைப் பார்த்தார். "ஏலே, ஒரு நா உள்ள வந்து உக்காந்து பாத்தியளா?"

வீட்டுக்காரர் கேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"வீட்டைக் காலி பண்ணுதேன். கோட்டையைக் காலி பண்ண மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

ஜெபாவை இழுத்துக்கொண்டு வந்தேன். அழுது முடித்து, தம்பியோடு கேரம் ஆடினாள். தோற்றாள். தோற்றால் போர்டைக் கவிழ்ப்பது அவள் வழக்கம். அன்றைக்குக் காய்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கினாள்.

"ஏட்டி, கோவம் வரலையா?"

"பெரியப்பா தெனம் தோக்காக. கம்ப்யூட்டரையா ஒடைக்காக?"

நான் மறுபடி வீட்டுக்காரரிடம் போனேன். "அந்த விளையாட்டு பிள்ளைகளுக்கு ஆகும்" என்றேன். அவர் கேட்கவில்லை. மற்ற அப்பன்மாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஆகும். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் ஆகாது.

அண்ணன் சொன்னபடி கிளம்பிவிட்டார். பக்கத்து ஊர் மம்சாபுரத்தில் வீடு பார்த்திருந்தார். சாமான் ஏற்றின டெம்போவில் நானும் ஏறினேன்.

"மானிட்டரைப் பின்னால போடுலே. எதுக்கு மடியில வச்சிருக்க?"

"ஒடைஞ்சிரும்ண்ணே."

"ஒடைஞ்சா வேற வாங்குவோம்."

"ஞாயித்துக்கெழம ஜெபா வருவா. நீங்க பேசாம வாங்க."

ரோடு மோசம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.