குதிரை கழற்றிய கோச்சு வண்டி

லா சப்பல், பாரிஸ்

பெருமதிப்பிற்குரிய அண்ணை அவர்களின் சமூகத்திற்கு,

மணமகளைப் பெற்ற பெருமிதத்துடன் தங்கை தாட்சாயினி வரைவது. இவ்விடம் யாவரும் சுகம். தங்கள் முழங்கால் வலியும் தணிந்திருக்குமென நம்புகிறேன்.

"நான் முகூர்த்தம் பாத்துத் தர, நீங்கள் றோட்டிலை வண்டி இழுத்து விளையாடினியளோ? ஊரே வீடியோ பாத்துச் சிரிக்குது" என்று தாங்கள் தொலைபேசியில் வினவியதற்கு இதுவே என் விளக்கம்.

மகள் சாம்பவியைக் குதிரை வண்டியில் அழைத்துச் சென்றது ஆடம்பரத்திற்காக அன்று. ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர் உண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே செய்யப்பட்ட இலகுவான வண்டிக்கு, அவ்வூரதென்னும் பொருளில் 'கோச்சி' என்று பெயர். அச்சொல் ஜெர்மனியில் 'குட்ஷ', பிரான்சில் 'கோஷ்', ஸ்பெயினில் 'கோச்சே', இங்கிலாந்தில் 'கோச்' என்றாயிற்று. ஆசிரியர் எவருமின்றி நூலகத்தில் நானே தேடிக் கற்றது இது. ஒரு சிற்றூரின் பெயர் ஐரோப்பா முழுவதும் ஊர்கோலம் போயிருக்கிறது. அத்தகைய வண்டியில் நம் பிள்ளை போகலாகாதா?

அன்று மார்க்ஸ் டோர்மோய் தெருவிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் சாம்பவியை வண்டிக்குள் ஏற்றித் திரையை இழுத்துவிட்டு, புது வாகனத்துக்குச் செய்யும் முறைப்படி சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துக் கற்பூரமும் கொளுத்த, இவர் தேங்காயைக் குதிரையின் மூக்குக்கு முன்னாலேயே ஓங்கி உடைக்க, அது பின்வாங்கி நின்று அசைய மறுக்க, வண்டியோட்டி எரிக் அதன் காதில் பிரெஞ்சில் கெஞ்ச, மாமிமார் "முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது" என்று புலம்ப, பதற்றம் தணியட்டுமென்று நான் மேற்படி சொல்வரலாற்றைச் சபையோருக்கு விரிவாக எடுத்துரைத்தேன். முடிவில் இவர், "தம்பி எரிக், குதிரையைக் கழட்டும். எங்கடை ஆக்கள் தேர் இழுத்த ஆக்கள்" என்று தமிழிலேயே பணித்தார். எரிக்குக்கு விளங்கியது. போர்ட் து லா சப்பல் மண்டபம்வரை அரோகரா ஒலியுடன் இழுத்தோம். பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன.

தாங்கள் குறித்துத் தந்த முகூர்த்தத்திலேயே தாலி ஏறியது. சிரிப்பவர்களுக்கு அதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

அண்ணியாருக்கு என் வணக்கம். மணமக்கள் தங்கள் ஆசியை வேண்டி நிற்கின்றனர்.

தங்கள் சொல் தட்டாத தங்கை,
தாட்சாயினி

பி.கு.: உண்மையை மறைப்பது என் வழக்கமன்று. தாலி ஏறியபோது நாங்கள் இன்னும் தெருவில்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பதிலாகக் கன்னிகாதானம் செய்தவர்கள் நம் தங்கை கோசலையும் அவள் கணவரும். மண்டப வாசலில் வண்டிக் கதவைத் திறந்தால் உள்ளே எவரும் இல்லை. மணவறையில் இருந்தபடி சாம்பவி சொன்னாள்: "அம்மா, நீங்கள் ஹங்கேரியிலை நிக்கேக்கை பொறுத்துக்கொண்டுதான் இருந்தனான். ஜெர்மனிக்கு வெளிக்கிட்டியள். நான் மற்றப் பக்கத்தாலை இறங்கி மெற்றோ எடுத்திட்டன்."