'அபாயம்' சாரும் எதிர்மனைக் காந்தளும்

கே.கே. நகரில் தெருநாய்க்குப் பயந்து நடந்தவர்களைவிட 'அபாயம்' சாருக்குப் பயந்து நடந்தவர்களே அதிகம். நாயாவது பிஸ்கட் போட்டால் விட்டுவிடும். மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், வீட்டுக் கொய்யா மரத்தில்கூட மண்டையோடு போட்ட 'அபாயம்' போர்டை மாட்டி வைத்திருந்தால் வேறு எப்படி அழைப்பது?

அவர் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. வேலியில் ஒரே ஒரு செங்காந்தள் கொடி, கீழே கும்பலாகத் தும்பை. நான் வாக்கிங் போகும்போதெல்லாம் மறித்துப் பாடம் நடத்துவார்.

"தும்பையப் பத்திக் கவலையே இல்லைங்க. பிடுங்கிப் போட்டாலும் அடுத்த மழைக்கு வந்து நிக்கும். காந்தள் அப்படியா? கிழங்கைத் தோண்டுனா கதை முடிஞ்சுது."

"உலகம் முழுக்கப் பார்த்தா காந்தளுக்கும் ஆபத்தில்லைன்னுதானே சார் சொல்றாங்க?"

"உலகத்துல இருக்கட்டுங்க. கே.கே. நகர்ல இதான் கடைசி!"

அந்தக் கடைசியைக் காப்பாற்ற, 'அரிய செடி. மாநில மலர். தொடாதீர்' என்று போர்டு வைத்தார். வந்தது வினை. அதுவரை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காத ஜனம் செல்ஃபிக்கு வரிசை கட்டியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மண்வெட்டியோடே வந்துவிட்டார்.

"ஒரு கிழங்கு கிடைக்குமா சார்? நம்ம மாடித் தோட்டத்துல வெச்சா கெத்தா இருக்கும்."

நம் ஊரில் ஒரு செடியை ஒழித்துக்கட்ட, அதை அரியது என்று சொன்னால் போதும்.

சார் செயலாளரை விரட்டிவிட்டு போர்டை மாற்றினார். மண்டையோடு, எலும்பு, அபாயம். மறுநாள் அங்கே ஈ காக்கை இல்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

கிழங்கு கிடைக்காத செயலாளர் சும்மா இருப்பாரா? மண்ணுக்கடியில் மின்கசிவு என்று புகார் கொடுத்தார். ஒரு காலை, சாரின் பழைய ஆபீஸ் ஆட்களே கடப்பாரையோடு வந்து போர்டுக்குக் கீழே தோண்ட ஆரம்பித்தார்கள்.

பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார் சார். "தோண்டாதீங்க! கீழ கேபிள் இல்லைங்க, கிழங்கு!"

"போர்டு நம்ம ஆபீஸ் போர்டா இருக்கே சார். தோண்டாம எப்படிப் போறது?"

சார் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் எழுந்தார். கடப்பாரை பட்ட கிழங்கை மறுபடி மண்ணில் வைத்து, வெறுங்கையாலேயே மூடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மழை விழுந்ததும் போன் வரும்: "முளைச்சிருச்சாங்க?" அதற்குள் நானே குடையோடு போய்ப் பார்த்திருப்பேன். கொட்டிக் கிடக்கும் தும்பைக்கு நடுவே காந்தள் முளை தலைகாட்டியிருக்கும். எதிர்வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது.

உலகத்தில் அவரைப் போல எத்தனையோ பேர் இருக்கலாம். கே.கே. நகரில் அவர்தான் கடைசி.