விற்பதற்கு முன் ஒரு சின்ன ரிப்பேர்

"சமையலறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகும். போகப் போகப் பழகிடும் சார்" என்று தையல்காரர், வீடு வாங்க வந்தவரிடம் வெகு அன்பாகச் சொன்னார்.

வீட்டுச் சொந்தக்காரருக்குக் காது மடல்வரை சூடேறியது. டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊருக்கே பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் அவர். கோபத்துக்கு மட்டும் பிரேக் கிடையாது. பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய வீடு அது. அடுக்குமாடிக்கு மாறியபோது, போனால் போகிறதென்று இந்தத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டார். இப்படியா உலை வைப்பது?

வந்தவர் நழுவியதும் தையல்காரரைப் பிடித்துக்கொண்டார். "உங்களை யாருங்க கேட்டா?"

"அவர்தான் கேட்டார் சார். பொய் சொல்ல வாய் வரல."

விற்பதா, இன்னும் ஒரு வருடம் பொறுப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தவரை விற்கச் சொல்லித் தள்ளியதே அவர் மனைவிதான். "விலை இருக்கும்போதே தள்ளிவிடணும்ங்க. அந்தக் குழாயை மாத்திட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றாள்.

குழாயைத் திருகினால் சுவரோடு பெயர்ந்து வந்தது. சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டினால் மற்ற மூன்று சுவர்களும் பல்லிளித்தன. அவற்றுக்கும் ஒட்டினார்.

அடுத்து ஒரு தம்பதி வந்தார்கள். "சமையலறை பிரமாதம். குளியலறைக்குத்தான் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனா பாடிக்கிட்டே இருக்கணும்" என்றார் தையல்காரர்.

"எனக்குப் பாட்டு வராது" என்று அந்த அம்மாள் வெளியே நடந்தாள்.

தாழ்ப்பாள் போட ஆணி அடித்தால் கதவு உளுத்துப்போயிருந்தது. புதுக்கதவு வந்தது, பழைய நிலைச்சட்டத்தில் அது பொருந்தவில்லை. நிலையும் மாறியது. இவ்வளவும் ஆனபின், மூன்றாவதாக வந்தவரிடம் அந்த மகானுபாவர், சமையலறை அலமாரி எட்டாது, ஸ்டூல் போட்டு ஏற வேண்டும் என்றார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் வெடித்தார். "என் உயரத்துக்கு அளந்து வெச்ச அலமாரி அது. என் சம்சாரம் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, குறை சொன்னதில்ல."

தையல்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

வீம்புக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் அலமாரியையும் இறக்கி வைத்தார். வேலை முடிந்த அன்று வீட்டைச் சுற்றி வந்தார். குழாயை மூடினார், ஒரு சொட்டு இல்லை. தாழ்ப்பாளைப் போட்டு, பாடாமல் ஐந்து நிமிடம் உள்ளே நின்றார். வயிறு எரிந்தது. இதைப் போய் எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுப்பதா?

"வீட்டை விக்கப்போறதில்ல. நாமளே அங்க திரும்பிப் போறோம்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

"உங்க இஷ்டம். நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

அடுத்து தையல்காரர். மனிதர் கெஞ்சினாலும் மசியக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு போய் நின்றார். "நீங்க வீட்டைக் காலி பண்ணணும்."

கூடத்தில் தையல் மெஷின் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பெட்டிகள் வாசலோரம் அடுக்கப்பட்டிருந்தன.

"கட்டியாச்சு சார். கடைக்கு மேலேயே எனக்கு இடம் கிடைச்சு ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் ஏன்யா இங்கேயே இருந்தீங்க?"

"உங்க வீட்டு அக்காதான் சார் இருக்கச் சொன்னாங்க. பதினெட்டு வருஷமா கெஞ்சியும் நீங்க செய்யாத ரிப்பேரெல்லாம் முடியறவரைக்கும், வீடு பார்க்க வர்றவங்ககிட்ட ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே இருக்கச் சொன்னாங்க."