நாலு விரல் ஓரம்

நீதியின் அஸ்திவாரம் எதுவென்று கேட்டால் சட்டம் என்பார்கள், சாட்சி என்பார்கள், விவரம் தெரியாதவர்கள் மனசாட்சி என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அத்தனையும் தப்பு. நீதியின் அஸ்திவாரம் ஓரம். மனுத்தாளின் இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றும் எழுதாமல் விடவேண்டும் என்ற விதி மட்டும் இல்லாதிருந்தால் நாகரிகம் என்றைக்கோ மண்ணோடு மண்ணாகியிருக்கும். அப்படி ஆகாமல் காத்து வந்தவர், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்த மனு எழுத்தர். முதுகுக்குப் பின்னால் அவரை 'நாலுவிரலார்' என்றார்கள். காதில் விழுந்தபோது அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஸ்கேல் வைத்து அளப்பது அவருக்குப் பிடிக்காது. கட்டைவிரலை மடக்கி, மற்ற நாலையும் சேர்த்துத் தாளின்மேல் வைப்பார். எழுத்தெல்லாம் விரலுக்கு அந்தப் பக்கம் நின்றால் மனு நிற்கும். ஒரு கொம்போ சுழியோ விரலுக்கு அடியில் மாட்டினால் தீர்ந்தது. "குறை உண்டு, திருப்பப்படுகிறது" என்ற முத்திரை 'டப்'பென்று விழும். நாளுக்குப் பத்து 'டப்'பாவது கேட்டால்தான் அவருக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கும்.

அவர் சர்வீஸின் மணிமகுடம் சுவர் வழக்கு. சந்தைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய ஒரு காண்டிராக்டரும், அவரிடம் கூலிக்குக் கரண்டி பிடித்த ஒரு கொத்தனாரும் அதில் குற்றவாளிகள். எழுந்த இருபதாம் நாள் சுவர் படுத்துவிட்டது. இரண்டு பேருக்குக் கால் போயிற்று. "சிமெண்டு பத்தலன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேங்க" என்று கொத்தனார் சொன்னதை நீதிமன்றம் கவனமாக எழுதிக்கொண்டு, சமத்துவம் கெட்டுவிடக் கூடாதென்று ஆளுக்கு மூன்று வருஷம் கொடுத்தது. மேல்முறையீடு செய்யலாம், அது எப்போது விசாரணைக்கு வரும் என்பது கடவுளுக்கும் கேஸ் கட்டுகளைக் கட்டும் பியூனுக்கும்தான் வெளிச்சம். அதுவரை வெளியே இருக்க வேண்டுமானால் தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி மூன்றாம் ஜன்னலில் மனுப் போட வேண்டும்.

காண்டிராக்டரின் வக்கீல் முதலில் வந்தார். நாலுவிரலார் விரலை வைத்ததும் அடியில் கால்வாசி மனு மறைந்துபோயிற்று.

"என்ன சார், ஓரமே காணோம்?"

"அவசரம் சார். கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்ல. டாக்டர் சர்டிபிகேட் பாருங்க. ஜெயில் சுவரப் பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம்."

"அடடா! சுவர் கட்டுறவருக்கு சுவரே ஆகலியா?"

"அதான் சார் கொடுமை!"

நாலுவிரலார் உருகிப்போனார். ஆபத்துக்குப் பாவமில்லை. விதி விரலில் இருக்கிறது, விரலோ மடங்கக்கூடியது. மடக்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் தண்டனை 'நிறுத்திவைக்கப்பட்டது'. காண்டிராக்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் கொத்தனாரின் மனைவி வந்தாள். தையல்காரி. வக்கீல் வைக்க வழியில்லாமல் தானே முத்துமுத்தாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரு 'இ' உள்ள மாட்டுது பாரும்மா. நாலு விரல் விடணும்."

"நாலு விரல் வெச்சுத்தாங்கய்யா விட்டேன்."

"யார் விரல்?"

"என் விரல்தான்."

"அது வீட்டு விரல். இது ஆபீஸ் விரல்."

டப்.

அடுத்த முறை கணிசமாக விட்டுக்கொண்டு வந்தாள். "இவ்வளவு ஏன்? காகிதம் என்ன மரத்துலயா காய்க்குது?" டப். அதற்கடுத்த முறை மடிப்பு கோணல். இப்படி ஒன்பது முறை. ஒன்பதாம் முறை அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"நான் தையல்காரிங்கய்யா. ஓரம் விடுறது எனக்குத் தெரியாதா? பின்னால பிரிச்சுத் தைக்க வழி இருக்கணும்னுதான் ஓரம் விடுறது. அங்க அவரு உள்ள, இங்க எம்பொண்ணு அப்பா எப்ப வருவார்னு வாசல்லயே நிக்குது. நீங்க அந்த ஓரத்த வெச்சே வழிய அடைக்கிறீங்களே!"

"பாத்தியா, ஓரத்தோட அருமை உனக்கே தெரியுது" என்று நாலுவிரலார் மகிழ்ந்தார். டப்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். "கைய அப்படியே வெச்சிருங்கய்யா." ஜன்னல் வழியாக அவர் விரல்களை அளந்தாள். மூன்றே கால் அங்குலம். தன் கைக்கு இப்படியொரு மரியாதை நடக்குமென்று அவர் எதிர்பார்த்ததே இல்லை.

இதற்கிடையில், மேல்முறையீடு நிலுவையில் இருப்பவரைக் குற்றவாளி என்று 'முடிவாக'ச் சொல்லக் கூடாதாகையால், காண்டிராக்டருக்கு ஒரு டெண்டர் கிடைத்தது: சிறைக்குப் புதுச் சுவர். நெஞ்சுப் படபடப்பை உத்தேசித்து அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மணலை மட்டும் தாராளமாக அனுப்பினார். கட்டியவர்கள் கைதிகள். அவர்களில் கரண்டி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"சிமெண்டு பத்தலைங்க" என்றார் கொத்தனார், பழக்கதோஷத்தில்.

"இதத்தானே கோர்ட்லயும் சொன்ன? அங்கயே எடுபடல" என்றார் வார்டர்.

இந்தச் சுவர் பதினெட்டு நாள் தாங்கியது. அது படுத்த வழியாகப் பாதிக் கைதிகள் நடையைக் கட்டினார்கள். கொத்தனார் போகவில்லை. "எங்க வீட்ல மனுப் போட்டிருக்காங்க. உத்தரவு வந்துடும்" என்று செங்கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஆகவே சுவர் விழுந்த குற்றத்துக்குக் கைக்கு அகப்பட்டவர் அவர் ஒருவரே. இன்னொரு மூன்று வருஷம்.

அந்த வேகத்தில் காண்டிராக்டரின் மேல்முறையீடும் விசாரணைக்கு வந்தது. வக்கீல் எழுந்து முழங்கினார்: "கனம் நீதிபதி அவர்களே! விழுந்தது ரெண்டு சுவர். ரெண்டாவது சுவர எங்க கட்சிக்காரர் கண்ணாலகூடப் பாத்ததில்ல. ரெண்டையும் கட்டினது ஒரே கை. யார் கைன்னு நான் வேற சொல்லணுமா?" நீதிமன்றம் அசந்துபோய் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதுவரை காண்டிராக்டர் வெளியிலேயே காத்திருக்கலாம். கொத்தனாரின் மனு இன்னும் எண் பெறாததால், அவரைப் பற்றிச் சொல்வதற்கு நீதிமன்றத்திடம் எதுவும் இல்லை.

பத்தாம் முறையாகத் தையல்காரி வந்தாள். இரண்டு தண்டனைக்கும் சேர்த்து ஒரே மனு. நாலுவிரலார் விரலை வைத்தார். ஒரு கொம்பு உள்ளே இல்லை, ஒரு மயிரிழை வெளியே இல்லை. மேலிருந்து கீழ்வரை தறியில் இழுத்த நூல் மாதிரி நின்றது. மடிப்பைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார். குறை இல்லை. முத்திரையைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படியொரு ஓரத்த நான் பாத்ததில்லம்மா. யார் விட்டது?"

"ஓரம் நான் விட்டதுங்கய்யா. வஞ்சனைதான் உங்களோடது."